பிரவுன் க்ரேயான்

என் மகள் முதல்முறையாகத் தன்னையே வரைந்தபோது அவளுக்கு நாலரை வயது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வட்ட முகம், இரட்டைச் சடை, முக்கோணமாக ஒரு கவுன். வரைந்து முடித்ததும் க்ரேயான் பெட்டியைத் தரையில் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். "ஸ்கின் கலர் எங்கம்மா?" என்றாள். நானும் கூடவே குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். அது வெளிறிய ரோஸ் நிறம். முகம், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகத் தீட்டினாள். அந்த க்ரேயானைப் பிடித்திருந்த கை நல்ல கறுப்பு. என் அம்மாவின் நிறம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. நானும் சின்ன வயதில் அப்படித்தான் தீட்டினேன். என் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான். அந்தக் குச்சிக்கு ஸ்கின் கலர் என்பதைத் தவிர வேறு பெயர் எங்களுக்குத் தெரியாது. யாருடைய ஸ்கின் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்காகத் தானே எழுதித் தானே படமும் வரைந்தவர். அவருக்கு ஓர் ஆசிரியர் எழுதிய கடிதத்தைப் பற்றிய குறிப்பு அதில் இருந்தது. தன் வகுப்பில் இருக்கும் கறுப்பினக் குழந்தைகள் தங்களை வரையும்போது இப்போதுதான் முதல்முறையாகப் பிரவுன் க்ரேயானை எடுக்கிறார்கள் என்றும், அதற்கு முன்பு ரோஸ் க்ரேயானைத்தான் எடுத்தார்கள் என்றும் அந்தக் கடிதம் சொன்னது. கீட்ஸின் புத்தகத்தை வகுப்பில் படித்ததற்குப் பிறகு நடந்த மாற்றம் அது.

நான் எழுந்து போய் பீரோவில் அந்தக் காலண்டர் தாளைத் தேடி எடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கப்புறம் இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

கீட்ஸ் கறுப்பினத்தவர் இல்லை. போலந்திலிருந்து பிழைப்புக்காக வந்த யூதக் குடும்பத்தின் மூன்றாவது பிள்ளை. 1916 மார்ச் 11 அன்று நியூயார்க் நகரத்தின் ப்ரூக்ளினில், வந்தேறிகளும் ஏழைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த ஈஸ்ட் நியூயார்க் என்ற பகுதியில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். எட்டு வயதில் பக்கத்துக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்து 25 சென்ட் சம்பாதித்திருக்கிறார். வீட்டுச் சமையலறை மேசை முழுக்க ஒருநாள் படம் வரைந்து வைத்துவிட்டார். முதுகில் நாலு வைக்கப்போகிறாள் அம்மா என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர் அம்மா கஸ்ஸி அதை அழிக்க மனமில்லாமல் மேசை விரிப்பு ஒன்றை எடுத்து மேலே மூடி வைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் விரிப்பை விலக்கிப் படத்தைக் காட்டினார்.

அப்பா பெஞ்சமினின் கதை வேறு. அவர் கிரீனிச் வில்லேஜ் என்ற பகுதியில் ஒரு சின்ன ஓட்டலில் சர்வர். ஓவியர்களும் கவிஞர்களும் நிறையத் திரிந்த இடம் அது, அவர்கள் எப்படிக் காசில்லாமல் அலைகிறார்கள் என்று தினமும் கண்ணால் பார்த்தவர். பையனுக்கு அந்தக் கதி வந்துவிடக் கூடாது என்று பயந்தார். படம் வரைந்து பிழைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அவ்வப்போது பெயின்ட் ட்யூப் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார். கடைக்கு வந்த ஓவியன் ஒருவன் ஒரு கிண்ணம் சூப்புக்குக் காசில்லாமல் இதைக் கொடுத்துவிட்டுப் போனான், ஓவியர்கள் பட்டினி கிடப்பார்கள் என்பதற்கு இதுதான் சாட்சி, என்பார். சர்வர் சம்பளத்தில் அவரே காசு கொடுத்து வாங்கி வந்த ட்யூப்கள் அவை.

பள்ளியில் பையன் பரிசு மேல் பரிசாக வாங்கினான். வேலையில்லாத மனிதர்கள் தீ மூட்டிக் குளிர்காயும் ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்துக்குத் தேசிய அளவில் பரிசு கிடைத்தது. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம், தெருவில் பார்த்ததை வரைந்திருக்கிறார். 1935 ஜனவரி மாதம் பள்ளிப் படிப்பு முடிந்து பட்டமளிப்பு விழா. அதற்கு முதல்நாள் அப்பா தெருவில் மாரடைப்பு வந்து விழுந்து இறந்துபோனார்.

உடலை அடையாளம் காட்டப் போனது இந்தப் பையன்தான். அப்பாவின் பர்ஸைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே செய்தித்தாள் துண்டுகள் இருந்தன. பையன் வாங்கிய பரிசுகளைப் பற்றிய செய்திகள், ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, மடித்து மடித்து நைந்துபோன துண்டுகள். எத்தனை பேரிடம் எடுத்துக் காட்டியிருப்பாரோ. பையனிடம் மட்டும் சொன்னதில்லை.

இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் அப்பாக்களில் பாதிப்பேர் இந்த ரகம்தான். நம்மிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல மாட்டார்கள், டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பத்தாம் வகுப்பில் எத்தனை மார்க் என்பது எங்கள் தெரு முனை சைக்கிள் கடைக்காரருக்குப் பாடமாகத் தெரியும். வீட்டில் அப்பா என்னிடம் கேட்டது, "கணக்குல ஏன் குறைஞ்சது?" என்பது மட்டும்தான்.

மூன்று ஓவியப் பள்ளிகளில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தும் கீட்ஸால் சேர முடியவில்லை. வீட்டுக்குச் சம்பாத்தியம் வேண்டும். பகலில் வேலை, இரவில் கிடைத்தபோது ஓவிய வகுப்பு. அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் சுவரோவியம் வரைந்தார். காமிக்ஸ் கம்பெனியில் கேப்டன் மார்வெல் கதைகளுக்குப் பின்னணி வரைந்தார். அதாவது நாயகனை வேறொருவர் வரைவார், அவன் பின்னாலிருக்கும் கட்டடங்களை இவர் வரைய வேண்டும். 1943இல் ராணுவத்துக்கு எடுத்தார்கள். அங்கே எதிரியின் கண்ணில் படாமல் மறைப்பதற்கான உருமறைப்பு வடிவங்களை உருவாக்கும் வேலை. பின்னால் அவர் செய்தது என்னவென்று தெரிந்தபிறகு இந்த இரண்டு வேலைகளையும் நினைத்தால் ஏதோ செய்கிறது. ஒன்று நாயகனுக்குப் பின்னால் நிற்பதை வரைவது, இன்னொன்று இருப்பதை இல்லாததுபோல் ஆக்குவது.

1947இல் பெயரைச் சட்டப்படி எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்று மாற்றிக்கொண்டார். யூதர் என்று பெயரிலேயே தெரிந்தால் கதவுகள் மூடிக்கொண்ட காலம். பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதென்றால் என்ன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கறுப்பினக் குழந்தையைப் பற்றி எழுத இவருக்கு எங்கிருந்து தோன்றியது என்று கேட்பவர்களுக்கு என்னால் முதலில் சொல்ல முடிவது இதைத்தான். தன்னை விலக்கி வைத்தவர்களின் முகத்தை அவர் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்.

1949இல் சில மாதங்கள் பாரிஸில் ஓவியம் படித்தார். திரும்பி வந்து பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்தார். அவர் வரைந்த அட்டை ஒன்றைக் கடைக் கண்ணாடியில் பார்த்த பதிப்பகத்தார் கூப்பிட்டதால் குழந்தைப் புத்தகப் பக்கம் வந்தார், தானாகத் தேடி வரவில்லை. 1954இல் முதல் புத்தகம். அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்கள் எழுதிய கதைகளுக்கு வரிசையாகப் படம் போட்டார். அப்படிக் கைக்கு வந்த கதைகளில் ஒன்றில்கூடக் கறுப்பினக் குழந்தை நாயகனாக இல்லை. கூட்டத்தில் ஒரு முகமாக எங்காவது ஓரத்தில் வந்தால் உண்டு.

அவர் வீட்டில் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. 1940 மே மாதம் 'லைஃப்' இதழில் வந்த நான்கு புகைப்படங்கள். ஜார்ஜியா மாநிலத்தில் மலேரியா பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கக் காத்திருக்கும் மூன்று நான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன். ஊசி குத்தப் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. நின்ற நிலை, போட்டிருந்த உடை, அடுத்தடுத்த படங்களில் முகம் மாறும் விதம் எல்லாம் கீட்ஸைப் பிடித்துக்கொண்டன. வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டினார். கழற்றி வைப்பார், மறுபடி எடுத்து ஒட்டுவார். ராணுவம், பாரிஸ், வீடு மாற்றங்கள் எல்லாவற்றையும் தாண்டி அந்தத் துண்டு அவரோடேயே இருந்தது. பிற்பாடு அது எப்போது வந்த இதழ் என்று விசாரித்தபோதுதான் 22 வருடமாக வைத்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது.

அப்பா பர்ஸில் பையனைப் பற்றிய துண்டுகளை வைத்திருந்தார். பையன் சுவரில் யாரோ ஒரு பிள்ளையின் துண்டை வைத்திருந்தான். இதை நான் கோத்துப் பார்க்கிறேன், கீட்ஸ் இப்படிச் சொன்னாரா என்பது முக்கியமில்லை.

1960இல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய முதல் கதையில், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து ஸ்பானிஷ் மட்டுமே பேசத் தெரிந்த சிறுவன் நியூயார்க்கில் நாயைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான். அதற்கப்புறம் 1962. அவருக்கு 46 வயது. தனியாக எழுதி வரைந்த முதல் புத்தகம், 'தி ஸ்னோயி டே'. பனி கொட்டிய ஒரு நாள். நாயகன் பெயர் பீட்டர். சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பையன் கடைசியில் இறங்கி வெளியே விளையாட வந்துவிட்டான். அவன் எப்போதோ புத்தகத்தில் இருந்திருக்க வேண்டியவன், அதனால்தான் அவனை அங்கே வைத்தேன் என்ற பொருளில் கீட்ஸ் சொல்லியிருக்கிறார். இவ்வளவு எளிமையான காரணத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

கதையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு நிமிடம்தான் ஆகும். பீட்டர் காலையில் எழுந்து பார்க்கிறான், ஊரெல்லாம் வெள்ளை. சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். கால்விரல் வெளியே பார்த்த மாதிரி நடக்கிறான், உள்ளே பார்த்த மாதிரி நடக்கிறான். ஒரு குச்சியால் மரத்தைத் தட்டித் தலையில் பனியைக் கொட்டிக்கொள்கிறான். பெரிய பையன்களின் விளையாட்டில் சேர முடியாது, அவன் சின்னவன். சாயங்காலம் ஓர் உருண்டைப் பனியைக் கோட்டுப் பையில் நாளைக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். குளித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் பை காலி. ரொம்ப வருத்தப்படுகிறான். ராத்திரி வெயில் வந்து எல்லாப் பனியையும் உருக்கிவிட்டதாகக் கனவு. காலையில் எழுந்தால் பனி அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டு நண்பனைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி கிளம்புகிறான். முடிந்தது.

பீட்டரின் நிறம் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. அவன் ஏழையா, அவனை யாராவது ஒதுக்குகிறார்களா, அவன் எதையாவது ஜெயித்துக் காட்டுகிறானா, எதுவும் இல்லை. ஒரு குழந்தைக்குப் பனியில் விளையாட எந்தத் தகுதியும் தேவையில்லை என்று கீட்ஸ் நினைத்தார். நம் மொழியிலும் கறுப்பான பெண் குழந்தை கதையில் வந்தால் அவளைக் கேலி செய்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள், கடைசியில் அவள் பாட்டிலோ படிப்பிலோ முதல்பரிசு வாங்கியாக வேண்டும். பரிசு வாங்காமல் சும்மா மண்ணில் விளையாடிவிட்டு வீட்டுக்கு வர அவளை விட மாட்டோம். எனக்கு இது நீண்ட நாள் மனக்குறை.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாதிதான் சொன்னதாகும். அதுவரை பெரும்பாலும் தூரிகையால் வரைந்தவர், இந்தப் புத்தகத்தில் காகிதத்தை வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். முதலில் அங்கங்கே கொஞ்சம் காகிதம் சேர்க்கலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மாவின் உடை, அலமாரித் தட்டில் விரிக்கும் மெழுகுத்துணியை வெட்டி ஒட்டியது. பீட்டர் படுத்திருக்கும் படுக்கை விரிப்புக்கு, ஓவியர்கள் படம் வரையப் பயன்படுத்தும் பெல்ஜியத்துக் கேன்வாஸ் துணியை அப்படியே வெட்டி வைத்தார். அழிரப்பரில் பூப்பூவாகச் செதுக்கி மையில் தோய்த்து அச்சுக் குத்தியவைதான் பனித்துகள்கள். பீட்டர் வருத்தத்தோடு தூங்கப் போகும் பக்கத்தின் சாம்பல் நிறப் பின்னணி, பல் துலக்கும் பிரஷ்ஷை மையில் நனைத்துத் தெறிக்கவிட்டது.

அழிரப்பர், டூத் பிரஷ், பழைய துணி. எல்லாம் வீட்டில் இருப்பவை. எங்கள் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் தெருப்பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன், பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். அவர்களிடம் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அடுத்த வாரம் நாலு பேர் டூத் பிரஷ்ஷோடு வந்தார்கள். திண்ணைச் சுவரில் அந்த நீல மைப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

1963இல் அமெரிக்காவில் குழந்தைப் படப்புத்தகங்களுக்கான மிகப்பெரிய விருதான கால்டெகாட் பதக்கம் இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. கறுப்பினக் குழந்தையை நாயகனாகக் கொண்ட ஒரு படப்புத்தகம் அந்தப் பதக்கத்தை வாங்கியது அதுதான் முதல்முறை. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பாராட்டிக் கடிதம் எழுதினார். எழுதியவரும் கறுப்பினத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் பாராட்டவில்லை. 1965 செப்டம்பரில் 'சாட்டர்டே ரிவ்யூ' பத்திரிகையில் நான்சி லாரிக் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரையிலான மூன்று ஆண்டுகளில் வெளியான 5,206 குழந்தைப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தார். அவற்றில் கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 349. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அமெரிக்கக் குழந்தைப் புத்தக உலகம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது என்று அவர் சொன்னது பெரிய அதிர்வை உண்டாக்கியது, உண்டாக்கியிருக்கவும் வேண்டும். ஆனால் போகிறபோக்கில் கீட்ஸின் புத்தகத்தையும் இழுத்தார். பீட்டர் கறுப்பினத்தவன் என்று எழுத்தில் எங்கும் சொல்லவில்லை, அம்மா பருத்த உருவமாகப் பளிச்சென்ற மஞ்சள் கட்டம் போட்ட உடையில் வருகிறாள், பழைய கதைகளில் வரும் கறுப்பின வேலைக்காரி பிம்பம்போல் இருக்கிறது என்றார்.

கீட்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கான புத்தகத்தில் நிறம் படத்திலேயே தெரியும்போது எழுத்தில் வேறு இன அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டுமா, அப்படியென்றால் கையில் பட்டை கட்டிவிடலாமா என்று பதில் எழுதினார். ஒரு யூதர், யூதர்களைக் கையில் அடையாளப் பட்டை கட்டவைத்த ஹிட்லர் காலம் முடிந்து இருபது ஆண்டுகளில், கைப்பட்டை என்று எழுதுகிறார். அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் தெரியும்.

நான் இரண்டு பேர் பக்கமும் நிற்கிறேன். லாரிக்கின் கணக்கு உண்மை, அந்தக் கணக்கு இல்லாவிட்டால் பதிப்பகங்கள் அசைந்திருக்காது. ஆனால் அந்த அம்மாவைப் பற்றி அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டே பிள்ளை சொல்லும் சாகசங்களைக் கேட்கும் அம்மா அவள். எங்கள் திண்ணையில் அந்தப் பக்கம் வந்தால் பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்துகொள்வார்கள்.

வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பினக் குழந்தையைப் பற்றி எழுதலாமா என்ற கேள்வி அதற்கப்புறமும் ஓயவில்லை. நியாயமான கேள்வி. கறுப்பினப் படைப்பாளிகளுக்குக் கதவு திறக்காத காலத்தில் இவருக்குத் திறந்தது என்பது உண்மைதான். 1969இல், அதே ப்ரூக்ளினில் பிறந்த ஜான் ஸ்டெப்டோ என்ற கறுப்பின இளைஞர், இருபது வயது ஆகும் முன்பே, தன் தெருவின் பேச்சுமொழியில் 'ஸ்டீவி' என்ற படப்புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் இருக்கும் குரலைக் கீட்ஸால் எழுதியிருக்க முடியாது. ஆனால் பீட்டர் அந்தக் குரலுக்குக் குறுக்கே நிற்கவில்லை. காலியாகக் கிடந்த அலமாரியில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

பீட்டர் அடுத்தடுத்த புத்தகங்களில் வளர்ந்தான். 'விசில் ஃபார் வில்லி' 1964இல் வந்தது, அதில் நாயைக் கூப்பிட விசிலடிக்கப் பழகுகிறான். 1967இல் வந்த 'பீட்டர்ஸ் சேர்' கதையில் தங்கைப் பாப்பா பிறந்துவிடுகிறாள், தன் தொட்டிலுக்கெல்லாம் ரோஸ் பெயின்ட் அடிக்கிறார்களே என்று கோபித்துக்கொண்டு தன் குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறான். உட்கார்ந்து பார்த்தால் நாற்காலியில் இடம் பற்றவில்லை, வளர்ந்துவிட்டான். மொத்தம் ஏழு புத்தகங்கள். பின்னணியில் ப்ரூக்ளின் தெரு அப்படியே வருகிறது: கிழிந்த சுவரொட்டிகள், நெளிந்த குப்பைத்தொட்டிகள், கிறுக்கிய சுவர்கள். குழந்தைப் புத்தகத்துக்குக் குப்பைத்தொட்டி ஆகாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். தான் வளர்ந்த தெரு அழகானது என்று கீட்ஸ் நம்பினார். மழையில் நனைந்த செங்கல் சுவரை அவர் தீட்டியதைப் பார்த்தால் நாமும் நம்புவோம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1975இல் வந்த 'லூயி'. லூயி பேசவே பேசாத சிறுவன். தெருப்பிள்ளைகள் பொம்மலாட்டம் போடுகிறார்கள். திரையின் மேலே பெண் பொம்மை ஒன்று தலையை நீட்டியதும் லூயி எழுந்து நின்று "ஹலோ" என்கிறான், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை, ஆட்டமே நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போய் அழுதுவிட்டுப் படுத்திருக்கிறான். யாரோ ஒரு சீட்டை உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள், பச்சை நூலைப் பின்தொடர்ந்து போ என்று. நூலின் மறுமுனையில் அந்தப் பொம்மை. அதற்குக் கீட்ஸ் வைத்த பெயர் கஸ்ஸி. மேசைக் கிறுக்கலை விரிப்பு போட்டுக் காத்த தன் அம்மாவின் பெயர்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை. சிறுவயதிலிருந்து சாகும்வரை கூட இருந்த நண்பர் மார்ட்டின் போப். ப்ரூக்ளினில் அதே ஏழ்மையில் வளர்ந்து வேதியியல் அறிஞர் ஆனவர். கீட்ஸ் கால்டெகாட் பதக்கம் வாங்கிய அதே 1963இல் போப்பும் கூட்டாளிகளும் கரிமப் படிகம் ஒன்றில் மின்சாரம் பாய்ச்சி ஒளி வரவைத்த ஆய்வை வெளியிட்டார்கள். இன்றைக்கு நம் கைபேசித் திரைகளில் இருக்கும் ஓலெட் நுட்பத்துக்கு முன்னோடிகளில் ஒன்று அது. ஒரே பேட்டைப் பையன்கள் இரண்டு பேர்!

1983 மே 6 அன்று மாரடைப்பால் கீட்ஸ் காலமானார். 67 வயது. அதற்குள் எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட புத்தகங்களுக்குப் படம் வரைந்திருந்தார், அவற்றில் 22 அவரே எழுதி வரைந்தவை. புத்தகங்களின் ராயல்டி தன் பெயரிலான அறக்கட்டளைக்குப் போய் நல்ல காரியங்களுக்குச் செலவாக வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். போப் தம்பதி அதை எடுத்து நடத்தினார்கள். புதிதாக வரும் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் அவர் பெயரில் விருது கொடுக்கிறார்கள், அரசுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் சின்னச் சின்ன நிதி தருகிறார்கள். ப்ரூக்ளினின் ப்ராஸ்பெக்ட் பார்க்கில் பீட்டருக்கும் அவன் நாய்க்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. 2017இல் அமெரிக்க அஞ்சல்துறை பீட்டர் படத்தோடு தபால்தலைகள் வெளியிட்டது. 2020இல் நியூயார்க் பொது நூலகம் தன் 125 வருடக் கணக்கைப் பார்த்து, தன்னிடமிருந்து அதிகமுறை இரவல் போன புத்தகம் எது என்று அறிவித்தது. 4,85,583 முறை. 'தி ஸ்னோயி டே'தான்.

திருச்சியில் பனிக்கு எங்கே போவது? முதல்முறை இந்தப் புத்தகத்தைத் திண்ணையில் வாசித்தபோது அதுதான் பிரச்சினை. வாய்க்கு வந்தபடி தமிழில் சொல்லிக்கொண்டே போகிறேன், "பனி கொட்டிக் கிடந்தது" என்றேன். மார்கழி மாதக் காலையில் வாசல் தெளிக்கும்போது இருக்குமே அதுவா என்றாள் ஒருத்தி. தமிழில் பனி என்றால் நமக்கு அதுதானே. "ஐஸ்" என்றேன், ஃப்ரீசரில் இருக்கும் கட்டியைக் கையால் காட்டினான் ஒருவன். கடைசியில் தேங்காய்த் துருவல் மாதிரி வானத்திலிருந்து விழும், குவிந்து முழங்கால் வரை வரும், கையில் எடுத்தால் தண்ணீராகிவிடும் என்றேன். சரி என்று எல்லோருக்கும் புரிந்தது. பையில் வைத்த உருண்டை காணாமல் போனபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, ஐஸை அப்படி வைத்தால் நிற்குமா என்று பீட்டரைக் கடிந்துகொண்டார்கள்.

"இவன் எந்த ஊர்?" என்று கேட்டான் ஏழு வயதுப் பையன் ஒருவன். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்தவள், "ஊட்டியா இருக்கும்" என்றாள். "எங்க மாமா பேரும் பீட்டர்தான்" என்றான் இன்னொருவன். அமெரிக்கா என்று நான் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கதை முடிந்ததும் எல்லோரும் படம் வரைய உட்கார்ந்தார்கள். இருந்த க்ரேயான்களை ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டி நடுவில் வைத்தேன். என் மகள் சிவப்பு அங்கியோடு பீட்டரை வரைந்து, பக்கத்தில் இரட்டைச் சடையோடு இன்னொரு உருவம் வரைந்தாள். இது யார் என்றேன். "எதிர்வீட்டு ஃப்ரண்டு. நான்தான்" என்றாள். தட்டில் தேடினாள். பிரவுன் க்ரேயான் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை வேறொரு பையன் வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தான், அவன் முடிப்பதற்காக இன்னும் இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவனிடமிருந்து வாங்கி நாலாக ஒடித்துக் கொடுத்தேன்.